மினி டிராக்டரில் லோடர்: தூக்கினால் போதுமா, திரும்ப வேண்டாமா?

சித்திரையில் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போதுதான் டெல்டாவில் எரு அடிக்கிற வேலை. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை நாற்றங்காலுக்கு ஓட வேண்டும். அதற்குள் குப்பைமேடு காலியாக வேண்டும். கூடையில் அள்ளிக் கொட்ட ஆள் கிடைக்காததால், வெண்ணாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் சித்தப்பா தன் மினி டிராக்டருக்கு முன்னால் ஒரு லோடர் மாட்டினார். பக்கெட் அழகாகத் தூக்கியது. "தம்பி, தூக்குது, ஆனா திரும்ப மாட்டேங்குது. நீயே புடிச்சுப் பாரு" என்றார். ஸ்டீயரிங்கில் இரண்டு கையாலும் தொங்கித்தான் திருப்பினேன். மூன்றாம் நாள், முன் சக்கரங்களை இணைத்துத் திருப்பும் டை ராடு வில்லாக வளைந்துவிட்டது.

லோடர் வாங்கப் போனால் எத்தனை கிலோ தூக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். தூக்கிய பாரத்தோடு முன் சக்கரத்தைத் திருப்ப ஸ்டீயரிங்குக்குத் தெம்பு இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும்.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முன் அச்சுதான் ஏற்றக்கால். அதற்கு ஒரு பக்கம் பக்கெட், மறுபக்கம் வண்டியின் பின்பாகம். 900 கிலோ டிராக்டர் ஒன்று, முன் அச்சில் 360 கிலோ, பின் அச்சில் 540 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அச்சுக்கும் நடுவே 1.5 மீட்டர். முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் பக்கெட்டில் 300 கிலோ ஈர எரு. இப்போது முன் அச்சில் கூடுவது 300 அல்ல, 540 கிலோ. பின் அச்சிலிருந்து 240 கிலோவைப் பிடுங்கிக்கொண்டு வந்து முன்னால் போட்டுவிடுகிறது இந்த ஏற்றம். முன்னால் 900, பின்னால் 300. லோடரின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவே இல்லை.

முன்பாரம் இரண்டரை மடங்கானால், நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பவும் குறைந்தது அவ்வளவு மடங்கு விசை வேண்டும். நிற்கிற டயர் தரையில் பதிந்திருக்கும் பரப்பு முழுவதையும் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். மெல்ல உருட்டிக்கொண்டே திருப்பினால் அந்தத் தேய்ப்பு வெகுவாகக் குறையும். நம் களிமண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. கொஞ்சம் ஈரம் இருந்தாலே டயர் தடத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் தடத்தின் பக்கச் சுவரையும் தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். சாதாரண ஸ்டீயரிங்கில் அந்த விசை முழுவதும் ஸ்டீயரிங் பாக்ஸ், ராடு, பால் ஜாயின்ட் வழியாகத்தான் போகிறது. எது மெலிந்ததோ அது வளையும்.

இதற்கு முதல் மருந்து பின்பாரம். பின் அச்சுக்கு 0.8 மீட்டர் பின்னால் 200 கிலோ கான்கிரீட் கட்டையைத் தொங்கவிட்டால், மேலே சொன்ன வண்டியில் முன் அச்சுக்கு ஏறக்குறைய 107 கிலோ குறைகிறது, பின் அச்சுக்கு 307 கிலோ கூடுகிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் போதாதா என்று ஊரில் கேட்பார்கள். அது பின்பக்கம் தூக்காமல் காக்கும், நல்லதுதான். ஆனால் அந்த எடை நேராகப் பின் அச்சின் மேலேயே உட்காருவதால் முன் அச்சின் பாரத்தில் ஒரு கிலோவும் குறையாது. அச்சைத் தாண்டிப் பின்னால் தொங்கினால்தான் ஏற்றம் மறுபக்கம் சாயும்.

சரி, பவர் ஸ்டீயரிங் இருந்தால்? சித்தப்பா அடுத்து வாங்கிய வண்டியில் அது இருந்தது. இந்த வகையில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு கிடையாது, எண்ணெய்தான். ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் ஆர்பிட்ரால் என்ற எண்ணெய் அளவைக் கருவிக்குள் பெரும்பாலும் ஏழு பல் வளையமும் அதற்குள் ஆறு பல் சக்கரமும் இருக்கும். நாம் திருப்பத் திருப்ப அது எண்ணெயை அளந்து சிலிண்டருக்கு அனுப்பும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் 100 பார் அழுத்தம் இருந்தால், தள்ளும் விசை ஏறக்குறைய 2,000 கிலோ. விரலால் திருப்பலாம்.

அந்த எண்ணெய் வந்து சேர்ந்தால்தான் விரல். ஒரே பம்ப் ஸ்டீயரிங்குக்கும் லோடருக்கும் ஊற்றும் வண்டிகள் உண்டு. பம்ப் 2,500 சுற்றில் நிமிடத்துக்கு 20 லிட்டர் தந்தால், 1,000 சுற்றில் 8 லிட்டர்தான். சுற்றுக்கு 80 கன சென்டிமீட்டர் எண்ணெய் அனுப்பும் ஆர்பிட்ராலை வினாடிக்கு ஒரு சுற்று திருப்பினால், அதுவே நிமிடத்துக்கு 4.8 லிட்டர் கேட்கும். எண்ணெய் வரும் வேகத்தை மிஞ்சித் திருப்பினால் ஆர்பிட்ரால் கைப்பம்பாக மாறிவிடும், ஸ்டீயரிங் கல்லாகும்.

அந்த வண்டிக்கு லோடர் மாட்டியவர் லோடர் வால்வை ஸ்டீயரிங்குக்கு முன்னால் இணைத்துவிட்டார். பக்கெட் உச்சிக்குப் போன பிறகும் லீவரைப் பிடித்திருந்தால், அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெய் முழுவதும் தொட்டிக்குத் திரும்பியது. கீழ்மடையில் நிற்கும் ஸ்டீயரிங்குக்குச் சொட்டும் இல்லை. வாய்க்கால் ஓரத்தில் சித்தப்பா ஒருநாள் வெலவெலத்துப் போனார். முறைப்படி தலைமடை ஸ்டீயரிங்குக்குத்தான். நடுவில் முன்னுரிமை வால்வு ஒன்று இருந்து, ஸ்டீயரிங்குக்குப் போக மிஞ்சியதை மட்டும் லோடருக்குத் தர வேண்டும். ஆர்பிட்ராலின் திரும்பு குழாயில் நேராக லோடரைக் கோர்ப்பதும் கூடாது. அந்த வாய் பொதுவாகப் பெரிய அழுத்தம் தாங்காது, சீல் பிதுங்கும்.

பவர் ஸ்டீயரிங் கைக்குச் சுகம். அச்சுக்கு அது பலம் சேர்ப்பதில்லை. தடத்தில் மாட்டிய சக்கரத்தைக்கூட அது திருப்பப் பார்க்கும். முன்பு கை வலித்து நாம் நிறுத்திய இடத்தில், இது ராடு வளையும் வரை தள்ளும். ஆகவே அச்சு தாங்கும் எடையைக் கையேட்டில் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக இடைவெளி. முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஊஞ்சலாடும். அதனால் சமதரையில் டயருக்கும் லோடர் சட்டத்துக்கும் தெரிகிற இடைவெளியை நம்பக் கூடாது. ஒரு முன் சக்கரத்தை வரப்பில் ஏற்றி, முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது எங்கள் வண்டியில் இடது டயரின் பட்டன், அதாவது அதன் மேல்முண்டு, சட்டத்தில் உரசியது. ஒடிப்பை நிறுத்தும் போல்ட்டைச் சில சுற்று வெளியே எடுத்தோம். உரசல் போய்விட்டது. இப்போது வயல் மூலையில் ஒரே வீச்சில் திரும்பாது, சித்தப்பா ஒரு முறை ரிவர்ஸ் எடுத்துத் திருப்புகிறார்.