டர்போ பெரிதாக இருந்தால் போதுமா?

என்ஜின் வெளியே விடும் புகை டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும், அதே தண்டில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காருக்கு டர்போ மாற்றலாம் என்று கிளம்பியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை பி.எஸ்.ஐ. பூஸ்ட் வைக்கலாம்?" என்பதுதான். பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அளவு. கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. என்ஜினுக்குள் நுழைய முடியாமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான மேனிஃபோல்டில் காற்று எவ்வளவு நெருக்கியடித்து நிற்கிறது என்பதைத்தான் பூஸ்ட் காட்டும். எத்தனை கிலோ காற்று உள்ளே போனது என்று சொல்லாது. சின்ன டர்போவை அதன் எல்லைவரை விரட்டி 20 பி.எஸ்.ஐ. வாங்கினால் காற்று கொதித்துப்போய் வரும், சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைந்திருக்கும், போதாததற்கு அதன் டர்பைன் புகை வெளியேறும் வழியில் தக்கைபோல அடைத்துக்கொண்டு நிற்கும். அதே 20 பி.எஸ்.ஐ.யைப் பொருத்தமான டர்போ தந்தால் சக்தி வேறாகத்தான் இருக்கும். எரிபொருளை எரிப்பது காற்றின் எடை, கேஜில் தெரியும் எண் அல்ல.

ஒரு காரை வைத்தே பார்க்கலாம். 2003இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மிட்சுபிஷி லேன்சர் எவலூஷன் 8. 1997 சிசி, நான்கு சிலிண்டர், 4ஜி63 என்ஜின், 271 குதிரைத்திறன். வாரநாளில் அதிலேயே வேலைக்குப் போக வேண்டும், வாரக்கடைசியில் ஊருக்குப் பக்கத்து டிராக் ஸ்ட்ரிப்பில், அதாவது நேர்க்கோட்டுப் பந்தயத் தடத்தில், கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓட்டவும் வேண்டும். இலக்கு 400 குதிரை என்று வைத்துக்கொள்வோம். கிராங்கில், அதாவது என்ஜின் தண்டிலேயே அளந்தால் 400, சக்கரத்தில் அளந்தால் இன்னும் குறைவாகத்தான் வரும். இரண்டு அளவையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் ஏராளம்.

டர்போ போட்ட பெட்ரோல் என்ஜின், முழு வேகத்தில், ஒரு குதிரைக்கு மணிக்குச் சுமார் 250 கிராம் பெட்ரோல் குடிக்கும். 400 குதிரைக்கு 100 கிலோ. முழு பூஸ்ட்டில் ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 12 கிலோ காற்று வேண்டும். ஆக மணிக்கு 1200 கிலோ, நிமிடத்துக்கு 20 கிலோ காற்று. யோசித்துப் பாருங்கள், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு அரிசிச் சிப்பம் எடையுள்ள காற்று அந்தச் சின்னக் குழாய் வழியாகப் போக வேண்டும்!

இந்த 20 கிலோவை இரண்டு லிட்டர் என்ஜின் 7000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7000 சுற்றில்) விழுங்க வேண்டுமென்றால் மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம் தேவை? கம்ப்ரசரில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய பிறகு காற்று 47 டிகிரியில் இருக்கிறது, சிலிண்டர் 95 சதவீதம் நிரம்புகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சுமார் 2.76 பார் வருகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் பூஸ்ட் 1.75 பார், அதாவது 25 பி.எஸ்.ஐ. ஆனால் கம்ப்ரசர் அதைவிட அதிகம் உழைக்க வேண்டும், ஏனென்றால் இன்டர்கூலரிலும் குழாய்களிலும் கொஞ்சம் அழுத்தம் தொலையும், ஃபில்டர் வேறு தன் பங்குக்கு உறிஞ்சலைத் தடுக்கும். எல்லாம் சேர்த்தால், கம்ப்ரசருக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ளதால் வகுத்து வரும் அழுத்த விகிதம் 3.

இப்போது கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: நிமிடத்துக்கு 20 கிலோ, விகிதம் 3. டர்போ தயாரிப்பாளர்கள் கம்ப்ரசர் மேப் என்று ஒரு வரைபடம் தருவார்கள். படுக்கையில் காற்றோட்டம், நிற்பதில் அழுத்த விகிதம், நடுவே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வளையங்கள். உள்வளையம் திறன் அதிகமான இடம், அதாவது காற்று குறைவாகச் சூடாகும் இடம். நம் புள்ளி எந்த வளையத்தில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிக்காற்று 30 டிகிரி என்றால், 75 சதவீதத் திறனில் காற்று சுமார் 180 டிகிரியில் வெளியே வரும். 60 சதவீத ஓரத்தில் விழுந்தால் 215ஐத் தாண்டும். அந்த 35 டிகிரியையும் இன்டர்கூலர்தான் சுமக்க வேண்டும், அது முடியாதபோது பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடித்து என்ஜின் நாக் அடிக்கும்.

வளையங்களுக்கு வலப்பக்கம் போனால் சோக். சக்கரத்தை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் அதற்கு மேல் காற்று போகாது, வெறும் சூடுதான் மிஞ்சும். இடப்பக்க எல்லைக்கோடு சர்ஜ். குறைந்த ஆர்பிஎம்மில் என்ஜின் விழுங்குவதைவிட அதிகமாகக் காற்றைத் திணிக்கப் பார்த்தால், இதழ்களை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்து பின்னோக்கித் திரும்பும், மறுபடி முன்னே போகும், மறுபடி திரும்பும். விட்டுவிட்டு உறுமுவதுபோலச் சத்தம் வரும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் தண்டின் பேரிங் ஒவ்வொரு முறையும் அடி வாங்கும். சின்ன என்ஜினில் மிகப் பெரிய டர்போவை மாட்டிக் கீழ் ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் வேண்டும் என்று அடம்பிடித்தால் இதுதான் நடக்கும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது சும்மா சொன்னதல்ல.

சரி, எதை வாங்குவது? காரெட் நிறுவனத்தின் பழைய, நன்கு பழகிய மூன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஜிடி2860ஆர்எஸ், ஜிடி3076ஆர், ஜிடி3582ஆர். பெயரின் கடைசி இரண்டு எண்கள் கம்ப்ரசர் சக்கரத்தின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். 2860 சுமார் 360 குதிரையோடு மூச்சு வாங்கிவிடும். 3076 ஐந்நூறு சொச்சம்வரை போகும், 3582 அறுநூறுவரை. நண்பர்கள் எல்லாரும் 3582ஐத்தான் சொல்வார்கள், "பின்னால் இன்னும் ஏற்றிக்கொள்ளலாம்" என்று. கேட்காதீர்கள்.

காரணம் டர்பைன் பக்கம் இருக்கிறது. 3076இன் டர்பைன் சக்கரம் 60 மி.மீ., 3582இன் சக்கரம் 68. எட்டே மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரே வடிவம், ஒரே உலோகம் என்றால், சுழற்சியை எதிர்க்கும் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 68ஐ 60ஆல் வகுத்து ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 1.87 வரும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனத்த ராட்டினத்தை அதே புகை தள்ள வேண்டும். இரண்டு லிட்டர் என்ஜினில் 3076 பொதுவாக 4000 ஆர்பிஎம்மை ஒட்டி முழு பூஸ்ட்டுக்கு வரும், 3582 ஏறக்குறைய 5000 வரை காக்க வைக்கும்.

ஹவுசிங்கின் ஏ/ஆர் என்ற எண்ணும் இங்கேதான் வேலை செய்கிறது. நத்தை ஓடுபோன்ற அந்தக் கூட்டில், ஒரு இடத்தின் குறுக்குப் பரப்பை, மையத்திலிருந்து அந்த இடத்துக்கு உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது. 0.63 என்றால் வழி குறுகல், புகை வேகமாகப் பாயும், சக்கரம் சீக்கிரம் எழும், ஆனால் மேல் ஆர்பிஎம்மில் புகை தேங்கும். 1.06 அதற்கு நேரெதிர். தோட்டக் குழாயின் முனையை விரலால் பாதி மூடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எவோ 8இன் சொந்த டர்போ இன்னொரு தந்திரமும் செய்கிறது: ஹவுசிங் இரண்டு அறைகளாக இருக்கிறது. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் 1, 4 சிலிண்டர்களின் புகை ஓர் அறைக்கும் 2, 3இன் புகை இன்னோர் அறைக்கும் போகும், ஒன்றின் துடிப்பு மற்றதைத் தொந்தரவு செய்யாது. புதிய டர்போ ஒற்றை அறை என்றால் அந்தச் சலுகையை இழக்கிறீர்கள் என்று தெரிந்தே வாங்குங்கள்.

டிராக் ஸ்ட்ரிப்பில் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. ஸ்டார்ட் கோட்டில், ஆர்பிஎம்மை ஓர் அளவில் பிடித்துவைக்கும் டூ-ஸ்டெப் லிமிட்டர் போட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, எரிந்தும் எரியாத புகையை டர்பைனுக்கு அனுப்பி, நின்ற இடத்திலேயே பூஸ்ட் ஏற்றிவிடலாம். கிளம்பிய பிறகு? 7500இல் கியர் மாற்றினால், இந்தக் காரின் கியர் விகிதங்களுக்கு ஆர்பிஎம் 5000க்கும் 5500க்கும் நடுவில்தான் விழும். ஆக ஓட்டம் முழுவதும் 3582 விழித்தே இருக்கும், 3076ஐவிட வேகமாகவும் தெரியும். திங்கட்கிழமை காலை நான்காம் கியரில் 3000 ஆர்பிஎம்மில் ஒரு லாரியை முந்தப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணலாம். டிராக் மன்னிக்கும், தெரு மன்னிக்காது. வாரத்தில் ஐந்து நாள் ஓடும் தெருவைப் பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்: 3076, 0.63 ஹவுசிங்.

ஊரின் உயரத்தையும் மறக்கக்கூடாது. கொலராடோவில் டென்வருக்குப் பக்கத்தில் 2023 வரை நடந்த பேண்டிமியர் ஸ்பீட்வே கடல் மட்டத்திலிருந்து 1770 மீட்டருக்கு மேல். அங்கே வெளிக்காற்று 0.82 பார்தான். அதே 20 கிலோ காற்றுக்கு விகிதம் 3.7 ஆகிவிடும், மேப்பில் புள்ளி வேறெங்கோ போய் நிற்கும். டர்போவின் ஆரம்பகாலக் கதையே இதுதான். 1918இல் அதே கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைமேல், சுமார் 4300 மீட்டரில், பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ் விமானத்துக்கான லிபர்ட்டி என்ஜினை ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரை தந்தது மேலே 230ஆகச் சுருங்கியது. டர்போ மாட்டியதும் 356.

டர்போவோடு செலவு நிற்காது. மணிக்கு 100 கிலோ பெட்ரோலை நான்காகப் பிரித்தால், சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 563 சிசி. காரோடு வந்தது 560 சிசி, அதாவது மூடாமல் திறந்தே கிடந்தாலும் போதாது. 25 பி.எஸ்.ஐ.யை பம்ப் பெட்ரோல் தாங்குவதும் சந்தேகம், அதனால்தான் பலர் டிராக்குக்கு ஈ85 என்ற, பெரும்பகுதி எத்தனால் கலந்த எரிபொருளை ஊற்றி, தெருவுக்கு பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஈ85க்கு இன்ஜெக்டர் இன்னும் பெரிதாக வேண்டும். கிளட்ச் தனிக் கதை. 11.50 விநாடிக்குக் கீழே போய்விட்டால் அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி, கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டமான ரோல் பாரைக் கேட்கும், பின்சீட்டில் குழந்தை உட்காரும் காரில் அது தேவையா என்று வீட்டில் கேட்பார்கள்.

எல்லாம் மாட்டியபின் ஒரே ஒரு சென்சார் கூடுதலாக வையுங்கள், டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில். அங்குள்ள அழுத்தம் பூஸ்ட்டைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால் டர்பைன் பக்கம் அடைக்கிறது என்று அர்த்தம். அப்போது பூஸ்ட்டைக் கூட்டாதீர்கள், ஹவுசிங்கை மட்டும் கழற்றி 0.82ஐ மாட்டிப் பாருங்கள்.