வெளிநாட்டுக் கொள்முதலில் செலுத்திய வரியைத் திரும்பப் பெறுதல்: பயணத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டிய விதிகள்

பயணச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையுமே கணக்கிடுகிறார்கள். வெளிநாட்டில் வாங்கும் பொருளின் விலைக்குள் அடங்கியிருக்கும் மதிப்புக் கூட்டு வரியையோ சரக்கு மற்றும் சேவை வரியையோ சட்டப்படி திரும்பப் பெறலாம் என்பது பலரும் கேள்விப்பட்ட செய்திதான். ஆனால் அதை விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதால் அந்தத் தொகை கைக்கு வராமலே போய்விடுகிறது. எந்த நாட்டை முதலில் பார்ப்பது, எந்த ஊரிலிருந்து புறப்படுவது, எந்த நாளில் பொருள் வாங்குவது ஆகியவற்றைப் பொறுத்தே இந்த உரிமை கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அமைகின்றன.

ஒரு நாட்டுக்குள் நுகரப்படும் பொருளுக்கு மட்டுமே அந்த நாடு வரி விதிக்க வேண்டும், நாட்டை விட்டு வெளியேறும் பொருளுக்கு விதிக்கக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. அதனால் விடுதி அறை, உணவகச் சாப்பாடு, வாடகைக் கார் போன்று அங்கேயே நுகர்ந்து முடித்தவற்றுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. பையில் வைத்து எடுத்துச் செல்லும் பொருளுக்கே கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குத் தகுதியைத் தீர்மானிப்பது குடியுரிமை அன்று, வழக்கமாக வசிக்கும் இடம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அங்கே குடியிருந்து படிப்பவரோ வேலை பார்ப்பவரோ இதைக் கோர முடியாது.

ஒன்றியத்தின் பொது விதி 2006-ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரி நெறிமுறையின் 147-ஆம் பிரிவில் உள்ளது. அதன்படி உறுப்பு நாடுகள் குறைந்தபட்சக் கொள்முதல் வரம்பை 175 யூரோ வரை வைத்துக்கொள்ளலாம். விரும்பினால் அதற்குக் கீழேயும் இறக்கலாம். பிரான்ஸ் 100 யூரோவுக்கு மேல் என்றும், ஜெர்மனி 50 யூரோவுக்கு மேல் என்றும் வைத்திருக்கின்றன. 154.94 யூரோவாக இருந்த தன் வரம்பை இத்தாலி 2024 பிப்ரவரி முதல் 70 யூரோவாகக் குறைத்தது. ஸ்பெயினில் 2018 முதல் வரம்பே இல்லை. இந்த வரம்பு ஒரே விற்பனையாளரிடம் வாங்கியதற்குத்தான் கணக்கிடப்படும் என்பதால், சில்லறையாகப் பல கடைகளில் வாங்குவதைவிட ஒரே கடையில் சேர்த்து வாங்குவது நல்லது. கடையில் கடவுச்சீட்டைக் காட்டி, வரி திரும்பப் பெறுவதற்கான படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரசீது மட்டும் போதாது. வாங்கிய மாதத்தை அடுத்து வரும் மூன்றாவது மாதம் முடிவதற்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். மார்ச் 5 அன்று வாங்கிய கைக்கடிகாரத்துக்கு ஜூன் 30 கடைசி நாள்.

பலர் தவறுவது, பொருள் வெளியேறுவதை உறுதிசெய்யும் சுங்க முத்திரையை அந்தப் படிவத்தில் பெறும் இடத்தில்தான். பொருளை எந்த நாட்டில் வாங்கினாலும், ஒன்றியத்தை விட்டு எந்த இடத்தில் கடைசியாக வெளியேறுகிறோமோ அங்கேதான் சுங்கத் துறையிடம் காட்ட வேண்டும். பாரிசில் வாங்கிவிட்டு ரோம் நகரையும் பார்த்து, அங்கிருந்து ஊர் திரும்புபவர் ரோமில்தான் படிவத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். விமானம் மாறிச் செல்பவரின் பெட்டி முதல் விமான நிலையத்திலேயே இறுதி ஊர் வரை அனுப்பப்பட்டுவிட்டால், அந்தப் பெட்டியில் உள்ள பொருளுக்குப் பொதுவாக முதல் நிலையத்திலேயே முத்திரை பெற வேண்டியிருக்கும். கைப்பையில் இருப்பதற்கு மட்டும் கடைசி நிலையம். ரயிலில் செல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் ஒன்றியத்தில் இல்லை. பாரிசிலிருந்து ஜெனீவாவுக்கோ லண்டனுக்கோ ரயிலேறுபவர் அந்தப் பயணத்திலேயே ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். லண்டன் ரயிலில் ஏறுவதற்கு முன் பாரிசின் கார் து நோர் நிலையத்திலேயே சுங்க உறுதியை முடிக்காமல், பிறகு லண்டன் விமான நிலையத்தில் படிவத்தை நீட்டிப் பயனில்லை. எனவே அதிகம் வாங்கப்போகும் நாட்டைப் பயணத்தின் கடைசியில் வைப்பதே என் பார்வையில் மிகவும் வசதியானது.

சுங்க அதிகாரி பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆகவே, வாங்கியவற்றைப் பெட்டியின் மேல்பகுதியில் பிரிக்காமல் வைத்து, பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க கவுன்ட்டருக்குச் செல்ல வேண்டும். பெட்டி பெல்ட்டில் போன பிறகு ரசீதையும் போர்டிங் பாஸையும் மட்டும் காட்டி முத்திரை பெற்றுவிட முடியும் என்று எண்ண வேண்டாம்.

சிங்கப்பூரில் வரி 9 விழுக்காடு, குறைந்தபட்சக் கொள்முதல் வரியையும் சேர்த்து 100 சிங்கப்பூர் டாலர். வாங்கிய இரண்டு மாதங்களுக்குள் சாங்கி போன்ற விமான நிலையத்தின் வழியாக வெளியேற வேண்டும். சாலை வழியாக மலேசியாவுக்குச் செல்பவருக்கு இது கிடைக்காது. இரு நாடுகளையும் ஒரே பயணத்தில் பார்ப்பவர்கள், எந்த நாட்டிலிருந்து விமானம் ஏறுவது என்று முடிவெடுக்கும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒரே விற்பனையாளரிடம் 300 ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாமல், புறப்படுவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் வாங்கியிருந்தால் போதும். அந்நாட்டுக் குடிமக்களும் கோரலாம் என்பது மற்ற நாடுகளில் அரிதாகக் காணப்படும் தாராளம். விமானம் புறப்படும் நேரத்துக்கு 30 நிமிடங்களுக்கு முன் கோரிக்கையை முடித்தாக வேண்டும்.

வரி விகிதத்தைப் பார்த்து அந்த அளவு பணம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதலாவதாக, 20 விழுக்காடு வரி என்றால் அது வரிக்கு முந்தைய விலையின் மீதான கணக்கு. நாம் செலுத்தும் மொத்தத் தொகையில் அதன் பங்கு ஆறில் ஒன்றுதான். அடுத்ததாக, பல நாடுகளில் கடைக்கும் பயணிக்கும் இடையில் நின்று வரியைத் திருப்பித் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வரி 5 விழுக்காடு. அதில் 85 விழுக்காடு மட்டுமே திருப்பித் தரப்படும், ஒவ்வொரு ரசீதுக்கும் 4.80 திர்ஹாம் கட்டணமும் பிடிக்கப்படும். அங்கே 1,050 திர்ஹாமுக்கு ஒரு பொருள் வாங்கினால் அதில் வரி 50 திர்ஹாம். அதன் 85 விழுக்காடு 42.50, கட்டணம் போகக் கைக்கு வருவது 37.70 திர்ஹாம். சிறிய ரசீதுகளில் கட்டணமே கணிசமான பகுதியைத் தின்றுவிடும். ரொக்கமாகக் கேட்டாலோ வேறு நாணயத்தில் கேட்டாலோ இன்னும் கழிவு நேரலாம்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிச் செல்வதும் ஏமாற்றத்தில் முடியலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் இந்த வசதி 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. வட அயர்லாந்தில் மட்டும் தொடர்கிறது. கடையிலேயே வரியைக் கழித்து விற்றுவந்த ஜப்பான், 2026 நவம்பர் 1 முதல், வரியுடன் விலையைச் செலுத்தி, வாங்கிய 90 நாட்களுக்குள் புறப்படும்போது சுங்கத் துறையின் உறுதி பெற்ற பிறகே தொகையைத் திருப்பித் தரும் முறைக்கு மாறுமாறு சட்டத்தைத் திருத்தியுள்ளது. அதன்படி அங்கேயும் விமான நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேர வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் வரி திரும்பக் கிடைத்துவிட்டது என்பதற்காகச் சொந்த நாட்டுச் சுங்கம் அந்தப் பொருளை விட்டுவிடாது. பயணிகளுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பைப் பொருளின் மதிப்பு தாண்டினால் ஊர் வந்து சேர்ந்ததும் அறிவித்து இறக்குமதி வரி செலுத்த வேண்டும். அந்த வரி, வெளிநாட்டில் திரும்பப் பெறும் தொகையைவிட அதிகமாக இருக்குமானால் அப்பொருளை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.