தீயில் வெந்த கல், துருவேறும் இரும்பு: டப்ளின் அரசுக் கட்டிடங்கள் மீண்ட விதம்

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் முக்கியமான மூன்று அரசுக் கட்டிடங்கள் ஆறே ஆண்டுகளில் எரிந்தன. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஏப்ரல் கிளர்ச்சியில் தலைமை அஞ்சல் நிலையமான ஜி.பி.ஓ., 1921 மே 25 அன்று சுங்க மாளிகையான கஸ்டம் ஹவுஸ், 1922 ஜூன் இறுதியில் நீதிமன்ற வளாகமான ஃபோர் கோர்ட்ஸ். கடைசி இரண்டையும் வடிவமைத்தவர் ஜேம்ஸ் கேண்டன், ஜி.பி.ஓ. 1818இல் முடிந்த ஃபிரான்சிஸ் ஜான்ஸ்டனின் வேலை. புதிதாகப் பிறந்த அயர்லாந்து அரசிடம் பணம் குறைவு. ஆனாலும் மூன்றையும் இடிக்காமல் மீட்டெடுக்கும் பொறுப்பு, 1831 முதல் இயங்கிவரும் பொதுப்பணி அலுவலகத்துக்கு வந்தது. நம்மூர்ப் பொதுப்பணித்துறை செய்யும் வேலைதான். அன்று அதன் முதன்மைக் கட்டடக் கலைஞர் டி.ஜே. பர்ன்.

எரிந்த கல் கட்டிடத்தில் முதல் கேள்வி, எந்தக் கல்லை நம்பலாம் என்பது. கஸ்டம் ஹவுஸின் முகப்பு, இங்கிலாந்திலிருந்து வந்த போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. சுண்ணாம்புக்கல் 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் லேசாக இளஞ்சிவப்பாகும். அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் மாறுவதே காரணம். தீ கல்லுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று காட்டும் இயற்கையான அடையாளம் இது. 800 டிகிரியைத் தாண்டினால் கல் கல்லாகவே இருப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடை இழந்து, சூளையில் சுட்டதுபோல் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு மழையோ தீயணைப்புத் தண்ணீரோ பட்டால் அது நீறி, உப்பி, மாவாய் உதிரும். கல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் இந்தச் சேதம் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. முழுச்சுவரும் பிழைப்பது அதனால்தான்.

கருங்கல் வேறு மாதிரி. ஜி.பி.ஓ.வின் முகப்பு டப்ளின் பக்கத்து மலைகளின் கிரானைட். தூண்கள் நிற்கும் முன்மண்டபம் மட்டும் போர்ட்லண்ட் கல். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியில் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென விரிகிறது. பக்கத்துத் தாதுக்கள் அதே அளவு விரியாததால் கல்லின் மணிகளுக்கு இடையே நுண்ணிய விரிசல் விழுகிறது. வெளியே முழுசாகத் தெரியும் கல், சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும். கொத்தர்களின் இந்தப் பழைய சோதனை இன்றும் நம்பத்தக்கது.

தீயின்போது சுவருக்குப் பெரிய எதிரி நெருப்பைவிட இரும்புதான். 10 மீட்டர் நீள இரும்பு உத்திரம் 500 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நீளும். இரு முனையும் சுவரில் புதைந்திருந்தால் சுவரை வெளியே தள்ளும். 550, 600 டிகிரியில் அதன் வலிமை பாதியாகக் குறைந்து தொய்யும். தொய்யும்போது அதே சுவரை உள்ளே இழுக்கும். கஸ்டம் ஹவுஸ் ஐந்து நாள் எரிந்தது. அணைந்து பல மாதங்கள் கழித்தும் கற்கள் வெடித்துக்கொண்டிருந்தன.

ஜி.பி.ஓ.வில் முகப்பைத் தவிர அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. முகப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, பின்னால் கம்பி கட்டிய கான்கிரீட்டில் புதிய கட்டிடம் எழுப்பினார்கள், 1929இல் திறந்தது. ஃபோர் கோர்ட்ஸின் நடு மண்டபத்தின் மேலுள்ள குவிமாடமும் கான்கிரீட்டில் மறுபிறவி எடுத்தது. தட்டையான குவிமாடம் தன் எடையால் கீழ் விளிம்பை வெளிப்புறமாகத் தள்ளும். கல்லும் செங்கல்லும் இழுவிசையைத் தாங்காது. எனவே பழைய முறையில் கனமான சுவரோ இரும்பு வளையமோ தேவை. கான்கிரீட்டிலோ விளிம்பைச் சுற்றிக் கம்பிகளை வளையமாகப் போட்டு, குவிமாடமும் வளையமும் ஒரே உடலாகும்படி வார்த்துவிடலாம். மரச்சட்டம் இல்லாததால் அடுத்த தீக்கு இரையும் இல்லை. அன்றைய நிலையில் இது துணிச்சலான, நியாயமான தேர்வு. உள்ளே இருந்த சிலைகளும் சுதை வேலைப்பாடும் போனது போனதுதான். பர்ன் அவற்றைப் போலி செய்யவில்லை. இதைக் குறை சொல்பவர்கள், அந்தக் காலக் கஜானாவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கான்கிரீட்டுக்கும் ஆயுள் கணக்கு உண்டு. சிமென்டின் காரத்தன்மை இருக்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல நுழைந்து அந்தக் காரத்தைக் குறைக்கும். அது போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும்: 25 ஆண்டில் 10 மில்லிமீட்டர் போனால், 100 ஆண்டில் 20. கம்பிக்கு மேல் மெல்லிய மூடலே விட்டிருந்தால் நூறாண்டு நெருங்கும்போது ஆபத்து. சோதிப்பது எளிது: புதிதாக உடைத்த முகத்தில் ஃபினால்ஃப்தலின் கரைசல் தெளித்தால், காரம் உள்ள இடம் அடர் இளஞ்சிவப்பாகும், நிறம் மாறாத பகுதியில் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள்.

இதைவிட நயவஞ்சகமானது பழைய கல்வேலைக்குள் இருக்கும் கவ்விகள். பதினெட்டாம் நூற்றாண்டில் கொடுங்கைக் கற்களை, அதாவது சுவர் உச்சியில் வெளியே நீளும் விளிம்புக் கற்களை, ஒன்றோடொன்று பிணைக்க, இரு முனையும் மடிந்த இரும்புப் பட்டையைத் துளைகளில் இறக்கி, உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்குவார்கள். மேலிருந்து தண்ணீர் இறங்காதவரை சிக்கல் இல்லை. தீயில் ஈயம் 327 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும், மூட்டுகள் திறக்கும், ஈரம் நுழையும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அழுத்தத்தை அருமையாகத் தாங்கும் கல், இழுவிசையில் அதன் பத்தில் ஒரு பங்கைத் தாங்கினாலே அதிகம். எனவே கவ்விக்கு இணையாக விரிசல் ஓடி, ஒரு நாள் முனை உடைந்து நடைபாதையில் விழும்.

1921 தீயின் இந்தக் கடனை 1980களில்தான் கஸ்டம் ஹவுஸ் விரிவாகத் தீர்த்தது. இப்படிப்பட்ட வேலையின் வரிசை இதுதான்: உலோகம் கண்டறியும் கருவியால் கவ்விகளின் இடத்தைக் குறித்தல், கல்லை வெட்டி இரும்பை முழுவதும் எடுத்தல், துருப்பிடிக்காத எஃகுக் கவ்வி வைத்தல், கெட்டுப்போன பகுதியில் அதே ரகக் கல்லைச் செதுக்கிப் பொருத்துதல், சுண்ணாம்புச் சாந்தால் மூட்டுதல். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சிமென்ட் கலவை போட்டால் ஈரம் மூட்டு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும்; உப்பு படிந்து கல்லின் விளிம்பே உதிரும். இரும்பைப் பாதி விட்டுவைத்து மேலே பூசிவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இருபது ஆண்டில் அதே இடத்தில் மறுபடி சாரம் கட்ட வேண்டிவரும்.

ஃபோர் கோர்ட்ஸில் குவிமாடத்தைத் தாங்கும் உருளைச் சுவரைச் சுற்றி நிற்கும் தூண்களின் தலைகளுக்கும் இதே போன்ற கதி. 1922 தீயில் அடிபட்டு, 1920களில் ஒட்டுப்போடப்பட்டவை அவை. துண்டுகள் விழத் தொடங்கியதால் இந்த நூற்றாண்டில் நெடுங்காலம் சாரம் நின்றது. கெட்டவற்றுக்குப் பதிலாகப் புதிய போர்ட்லண்ட் கல்லில் கைவேலையாகச் செதுக்கி வைத்தார்கள்.

புதிய போர்ட்லண்ட் கல் முதலில் பளிச்சென்று தனித்துத் தெரியும். ஆனால் மழை நேரே படும் இடத்தில் இந்தக் கல் எப்போதும் வெளுத்தே இருக்கும், மழை படாத மறைவில் கறுத்த படலம் கட்டும். பழையதும் புதியதும் ஒரே விதமாக மாறுவதால் சில பத்தாண்டுகளில் வேறுபாடு மங்கும். கஸ்டம் ஹவுஸில் அப்படி நடக்காது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கத்தில், 1928இல் முடிந்த மீட்பு வேலையில் குவிமாடத்தின் உருளைச் சுவருக்கு மீத் மாவட்டத்து ஆர்ட்பிராக்கன் சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தினார்கள். வெட்டியபோது வெளிறித் தெரியும் இந்த அடர்ந்த கல் வெயிலிலும் மழையிலும் சாம்பலாகிக்கொண்டே போகும். கீழே வெண்மை, மேலே சாம்பல். லிஃபி ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் 1921இல் எது எரிந்தது என்பதற்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை.