ரோப் கார் போடுங்கள், பஸ்ஸை விற்காதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். கையில் போன், போனில் வீடியோ. ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் ரோப் காரான ஸ்கைலைனர் ஓடிக்கொண்டிருக்கிறது. "இதே மாதிரி நம்ம பார்க்குக்கும் போட்டுடலாம் சார். பஸ்ஸையெல்லாம் வித்துடலாம்." இந்த வருடத்தில் இவர் நான்காவது ஆள். சாத்தியக்கூறு அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. அதற்காக ஒரே அறிக்கையை எத்தனை தடவை எழுதுவது?

ஸ்கைலைனரை நான் குறை சொல்லவில்லை. 2019 செப்டம்பர் 29-இல் திறந்தார்கள். ஆஸ்திரியாவின் டாப்பல்மேயர் நிறுவனம் கட்டியது. கரீபியன் பீச் விடுதியில் தடங்கள் வந்து சேரும். அங்கே மாறி டிஸ்னியின் எப்காட் பூங்காவுக்கோ ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கோ போகலாம். இடையில் ஏரி, கால்வாய், நெடுஞ்சாலை எதுவானாலும் வடம் தாண்டிவிடும். ஆனால் வடம் நேராகத்தான் போகும். திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு கட்டடம், ஒரு செலவு. எப்காட் தடத்தில் யாரும் ஏறாத, இறங்காத நிலையம் ஒன்று திருப்பத்துக்காகவே நிற்கிறது. வீடியோவில் அதை யாரும் கவனிப்பதில்லை.

என்னை அதிகம் படுத்துவது இன்னொரு நம்பிக்கை: "பெட்டி வந்துகொண்டே இருக்கு, அதனால கூட்டமே சேராது."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்குப் பத்துப் பேர், பத்து விநாடிக்கு ஒரு பெட்டி என்று வையுங்கள். மணிக்கு 360 பெட்டி, 3,600 பேர். 50 பேர் ஏறும் பஸ்ஸில் இவர்களை அனுப்ப மணிக்கு 72 நடை வேண்டும். இதைச் சொன்னதும் வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருங்கள், இன்னும் முடியவில்லை. இரவு வாணவேடிக்கை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தூக்கம் வரும். 7,200 பேர் ஒன்றாக வந்து நின்றால் கடைசி ஆள் ஏற இரண்டு மணி நேரம். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துபோகிறோம். அதுவும் எல்லாப் பெட்டியிலும் பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்தால்தான் இந்தக் கணக்கு. குழந்தை வண்டியோடு ஒரு குடும்பம் ஏறினால் நாலு பேரோடு கதவு மூடும். பகலில் சும்மா நிற்கும் பஸ்களை இரவுக்குத் திருப்பிவிடலாம். வடத்தில் இன்றைக்கு மட்டும் கூடுதலாக நூறு பெட்டி தொங்கவிட முடியாது.

அப்புறம் மின்னல். ஃபுளோரிடாவின் நடுப்பகுதியில் கோடைக்காலப் பிற்பகல் என்றால் இடிமழைதான். மின்னல் நெருங்கினால் நிறுத்துவார்கள், பலத்த காற்றடித்தாலும் நிறுத்துவார்கள். நிறுத்தத்தான் வேண்டும். அந்த நேரத்தில் டிஸ்னி என்ன செய்கிறது? பஸ் விடுகிறது! மற்ற இரண்டு பூங்காக்களான மேஜிக் கிங்டமுக்கும் அனிமல் கிங்டமுக்கும் ஸ்கைலைனர் போவதே இல்லை. ஸ்கைலைனர் நிற்கும் விடுதிகளிலிருந்தும் அங்கே எப்போதும் பஸ்தான். பழனியில் ரோப் கார் பராமரிப்புக்கு நிற்கும் நாட்களில் விஞ்சும் படியும் இல்லையென்றால் என்ன ஆகும் என்று வந்தவரிடம் கேட்டேன். பதில் இல்லை.

ஸ்கைலைனர் திறந்து ஒரு வாரம்கூட ஆகாத அக்டோபர் 5-ஆம் தேதி இரவு, எப்காட் தடத்தில் நிலையத்துக்குள் பெட்டிகள் இடித்துக்கொண்டு வடம் நின்றது. சிலர் மூன்று மணி நேரத்துக்கும் மேல் அந்தரத்தில் இருந்தார்கள். தீயணைப்புப் படை வந்து இறக்கவேண்டியிருந்தது. மறுபடி ஓட அக்டோபர் 14 ஆனது. பெட்டியில் ஏசி கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஓடும்போது காற்று வரும். நின்றால் அதுவும் இல்லை.

ஆகவே ரிசார்ட் முதலாளிகளே, காற்றையும் மின்னலையும் உங்கள் மண்ணில் ஒரு வருடமாவது அளந்துவிட்டு என்னிடம் வாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஆளை எப்படி இறக்குவது என்று தூண் நடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். ஏரிக்கு மேலே நிற்கும் பெட்டிக்கு ஏணி வண்டி எந்த வழியாகப் போகும்? சக்கர நாற்காலிக்காரர் ஏறும்போது மொத்தத் தடத்தையும் நிறுத்தாதீர்கள், அதற்குத் தனிப் பாதை போடுங்கள்.

பயணம் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், ஏறும் முன் குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். பெட்டி நின்றுவிட்டால் தயவுசெய்து ஆட்டாதீர்கள், கதவைத் தொடாதீர்கள். ஊருக்கு விமானம் பிடிக்கும் நாளில் இதை நம்பிக் கிளம்பவும் வேண்டாம்.

வந்தவர் தந்த வரைபடத்தில் பஸ் ஷெட் இருந்த இடத்தில் ஓட்டல் போட்டிருந்தார்கள். சிவப்புப் பேனாவால் ஷெட்டைத் திரும்ப வரைந்து அனுப்பிவிட்டேன். இன்னும் போன் வரவில்லை.