'புதிய இலை' அன்று, திருந்துதல்

"அவர் புதிய இலையைப் புரட்டினார்" என்னும் தொடர் மொழிபெயர்ப்புக் கதைகளில் நெடுங்காலமாக நடமாடுகிறது. இப்போது பாளையங்கோட்டை மேடைகளிலும், சிறை மீண்டவர்களைப் பற்றிய பேச்சில்கூடக் கேட்கிறது. 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்னும் ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த பிழை இது. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கும் அத்தொடரில் 'லீஃப்' என்பது நூலின் தாளைக் குறிக்கும். தவறான நடத்தையை விட்டு நல்லொழுக்கத்தைத் தொடங்குதல் என்பதே பொருள்.

எழுதும் பரப்பைத் தமிழர் இலை என்று சொன்னதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயல், இலை, தளிர் முதலிய சொற்களை அகத்தே வயிரமுள்ள, அதாவது உட்பகுதி உறுதியான, மரத்துக்கும், ஓலை, ஏடு, மடல் முதலியவற்றைப் புறத்தே வயிரமுள்ள புல்லினத்துக்கும் உரியனவாகப் பிரிக்கிறது. பனை பின்னதில் அடங்கும். பனங்காடுகள் நிறைந்த நெல்லைச் சீமையில் படிக்காதவரும் பனையோலையை இலை என்று சொல்லமாட்டார். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். அவர் இலை தேடி வந்ததாக எவரேனும் எழுதுவாரா?

அப்படியானால் 'புதிய ஏட்டைப் புரட்டினார்' என்று எழுதலாமே என்று தனித்தமிழ் அன்பர் சிலர் கேட்பர். சொல் தூயது; ஆனால் ஏட்டைப் புரட்டுவது தமிழில் படிப்பதை உணர்த்துமேயன்றி நடத்தை மாறியதை உணர்த்தாது. இதனினும் மிகுதியாக வழங்கும் 'புதிய அத்தியாயம் தொடங்கினார்' என்பதை நான் அறவே ஏற்கவில்லை. அது வடசொல் என்பதைக் காட்டிலும் பொருளை மழுப்புகிறது என்பதே என் தடை. அத்தியாயம் மாறினாலும் கதை அதே கதைதான். திருமணத்துக்கும், கடைத் திறப்புக்கும், கட்சித் தாவலுக்கும்கூட இன்று அதையே சொல்கிறார்கள். செய்த தவற்றை ஒப்புக்கொள்ளும் நேர்மை அச்சொல்லில் எங்கே இருக்கிறது? ஆங்கிலத் தொடரின் உயிரே அந்த ஒப்புதலில்தான் உள்ளது. அதைக் கைவிட்டு உருவகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும் மொழிபெயர்ப்பாளர்கள், மூலத்துக்கும் உண்மையாக இல்லை, தமிழுக்கும் உண்மையாக இல்லை.

நம்மிடம் 'திருந்துதல்' இருக்கிறது. ஏட்டின் பிழையைத் திருத்துகிறோம்; காடு திருத்திக் கழனியாக்குகிறோம்; மனிதரும் திருந்துகிறார். பிழை இருந்தது என்பதையும் அது நீங்குகிறது என்பதையும் அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. "பய இப்பம் திருந்தி வாரான்" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும்போது, நாளுக்கு நாள் நேரும் முன்னேற்றமும் அதில் கேட்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத் தொடர் தொடக்கத்தையே குறிப்பதால் 'திருந்திவிட்டார்' என்பது மிகைப்படும். 'திருந்தி நடக்கத் தொடங்கினார்' என்பதே சரியான பெயர்ப்பு. ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'இனித் திருந்தி நடப்பேன்' என்று எழுதினால் போதும்.