வரிச்சலுகைப் படிவம் முன்னால், ஐ-9 பின்னால்

அமெரிக்காவில் மளிகைக்கடை, உணவகம், மோட்டல் நடத்தும் நம்மவர்களுக்கு வரிக்கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். மார்ச் மாதம் வந்தால் யாராவது ஒருவர் கேட்பார்: "போன வருஷம் ஆள் எடுத்தேனே, அதுக்கு ஏதோ கிரெடிட் உண்டாமே, போட்டுவிடுங்க சார்." பெரும்பாலும் போட முடியாது. கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

அவர் கேட்பது வொர்க் ஆப்பர்சூனிட்டி டாக்ஸ் கிரெடிட். முன்னாள் ராணுவத்தினர், அரசின் உணவு உதவி பெறும் குடும்பத்து இளைஞர், நெடுநாள் வேலையில்லாதவர் என்று சில பிரிவினரை வேலைக்கு எடுத்தால் கிடைப்பது. அவர் 400 மணி நேரமாவது வேலை செய்தால், பெரும்பாலான பிரிவுகளில் முதலாண்டுச் சம்பளத்தின் முதல் 6,000 டாலரில் 40 சதவீதம், அதாவது 2,400 டாலர் வரை வரியில் கழியும். 2020 டிசம்பரில் வந்த சட்டம் இதை 2025 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் சட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2014-இன் இறுதியில் காலாவதியாகி, 2015 டிசம்பரில் முன்தேதியிட்டு உயிர்பெற்ற கதையும் இதற்கு உண்டு.

இதற்கான படிவம் 8850. அதன் இரண்டாம் பக்கத்தில் நான்கு தேதிகள் கேட்கும்: ஆள் தகவல் தந்த நாள், வேலை தருவதாக நீங்கள் சொன்ன நாள், வேலைக்கு எடுத்த நாள், வேலை தொடங்கிய நாள். முதல் தேதி இரண்டாவதற்குப் பிந்திவிட்டால் கிரெடிட் போச்சு. படிவம் வேலை தொடங்கிய 28 நாளுக்குள் மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகவேண்டும், சனி ஞாயிறும் கணக்குதான். அங்கிருந்து சான்று வந்தால்தான் நான் கணக்கில் எழுத முடியும்.

ஐ-9 என்பது ஊழியருக்கு அமெரிக்காவில் வேலை செய்யத் தகுதி உண்டா என்று முதலாளி சரிபார்க்கும் படிவம். அது இதற்கு நேர் எதிர். ஆள் வேலையை ஒப்புக்கொண்ட பிறகுதான் அதைத் தொடலாம். முதல் பகுதியை அவர் வேலை தொடங்கும் நாளுக்குள் நிரப்பவேண்டும். அசல் ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை அடுத்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் நிரப்பவேண்டும். சிலர் இரண்டையும் ஒரே கட்டாக வைத்து நேர்காணலிலேயே நீட்டுகிறார்கள். வேறு சிலர் இரண்டையும் சம்பள நாள் வரை தள்ளிவிடுகிறார்கள். முன்னதில் பாரபட்சப் புகார் வரலாம், பின்னதில் அபராதம் வரலாம். ஊழியர் முறையாக வேலை செய்யத் தகுதியுள்ளவராகவே இருந்தாலும், படிவம் இல்லாததற்கு அபராதம் உண்டு.

எந்த ஆவணம் என்பதை ஊழியரே தேர்ந்தெடுப்பார். "கிரீன் கார்டைக் காட்டு" என்று கேட்கவே கூடாது. ஓட்டுநர் உரிமமும் கட்டுப்பாடு எதுவும் அச்சிடாத சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் (அரசு தரும் எண் உள்ள அட்டை) தந்தால் போதும். ஆனால் அட்டையின் முகப்பை நிதானமாகப் படியுங்கள். வேலைக்குச் செல்லாது என்றோ, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அனுமதியுடன் மட்டுமே வேலைக்குச் செல்லும் என்றோ அதில் அச்சிட்டிருந்தால், ஐ-9-க்கு அந்த அட்டை உதவாது. நம் ஆட்களிடம் இந்த இரண்டாவது வகை சர்வசாதாரணம். எண் இருக்கிறதே என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது "நம்ம ஊர்ப் பையன், வார இறுதியில் கல்லாவில் நிற்கிறான்" என்பவர்களைப் பற்றித்தான். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். வேலை விசாவில் வந்தவரின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கான எச்-4 விசாவில் இருப்பவருக்கும் வேலை அனுமதி இருக்கவேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது என்பது நினைப்புதான். உங்களுக்கு அபராதத்தோடு போகலாம், அந்தப் பையனுக்கு விசாவே போய்விடும்.

அப்புறம், சொந்தக்காரர்கள். முதலாளியின் பிள்ளைகள், உடன்பிறந்தவர், அவர்களுடைய பிள்ளைகள், மாமனார் மாமியார் வகையறா எவருக்கும் அந்த கிரெடிட் கிடையாது. ஆனால் சம்பளத்துக்கு எடுத்தால் தம்பி மகனுக்கும் ஐ-9 வேண்டும். அவன் அமெரிக்காவிலேயே பிறந்தவனானாலும் சரி. அந்தப் படிவத்தை, எடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அல்லது வேலையை விட்டு ஓராண்டு, இதில் எது பிந்தையதோ அதுவரை வைத்திருங்கள். சோதனைக்கு நோட்டீஸ் வந்தால் தேடி எடுக்கப் பொதுவாக மூன்று வேலை நாள்தான் கிடைக்கும்.