எஸ்சுவரி: கழிமுகமா, பொங்குமுகமா?

அக்கா மகன் தமிழ்ல ஏதோ கட்டுரை எழுதணுமாம், "மாமா எஸ்சுவரிக்கு தமிழ்ல என்ன"ன்னு கேட்டான் (ஆறு கடல்ல சேர்ந்து நல்லதண்ணியும் உப்புத்தண்ணியும் கலக்கற எடம் அது). டேய் தினமும் சொல்றியே, கோலான்னேன். எங்க மலேசியாவுல கோலா மூடா, கோலா சிலாங்கூர் எல்லாம் ஆறு கடல்ல சேர்ற எடம்தான் (கோலாலம்பூர்ல மட்டும் ஆறு ஆத்தோட சேருது, கடலக் காணோம்). ஆனா அது மலாய். தமிழ்ல முகத்துவாரம்னா வெறும் வாய்தான், உப்பு கலக்கறது அதுல வரல. புத்தகத்துல கழிமுகம்னு போடுவாங்க. கழின்னா உப்புத்தண்ணி ஏறி நிக்கிற ஓடை, சங்கப்பாட்டு நெய்தல்ல நெறைய வரும். கழிவுன்னு நெனச்சுடாதீங்க, எங்க பினாங்குல சுங்கை பினாங் ஆத்தோரம் நின்னா சந்தேகம் வரும்தான்.

இலங்கைல இதுக்கு பொங்குமுகம்னு சொல்றாங்க, எனக்குப் புடிச்சது இதான். ஏன்னா எஸ்சுவரிக்கு மூலம் ஈஸ்டஸ்ங்கிற லத்தீன் சொல், அதுக்கு கொதிக்கறது, பொங்கறது, கடல் ஏறி எறங்கறது எல்லாமே அர்த்தம். அந்த ஏத்த எறக்கம்தான் டைட், இங்க மலாய்ல பாசாங் சுருட்னு பேசிக்குவோம், தமிழ்ல ஓதம். எங்கம்மா "செவுத்துல ஓதம் ஏறுது"ம்பாங்க, அதே சொல்தான், அங்க ஈரம் இங்க கடல்.

1901லேர்ந்து 2018க்குள்ள உலகத்துல கடல்மட்டம் சராசரியா 20 சென்டிமீட்டர் ஏறிருக்கு. அப்ப ஓதமும் அப்படியே 20 சென்டிமீட்டர் மேல போய் உக்காந்துக்கும்னு நெனப்போம், அப்படி இல்ல. ஓதம் ஒரு நீண்ட அலை, ஆழம் கூடுனா வேகம் கூடும், தரைல ஒரசறது கொறையும், அதனால ஆத்துக்குள்ள முன்னவிட தூரம் போகும், உப்பும் கூடவே ஏறும், ஆறு உள்ள போகப்போக குறுகுச்சுன்னா பல எடத்துல ஓதத்தோட ஒசரமும் கூடும். ரெண்டு கரையும் சிமெண்ட் போட்டு அடைச்சிருந்தா பரவ எடமில்லாம இன்னும் பொங்கும். அதுவே கரையோரம் சதுப்புக்காடு இருந்து தண்ணிய உள்ள விட்டா சேத்துலயும் வேர்லயும் ஒரசி வேகம் செத்துடும், ஏத்த எறக்கம் கொறையக்கூட செய்யும். ஒரே கடல், ஆத்துக்கு ஆறு வேற மாதிரி.

பினாங்கு கடலோரம் வெல்ட் கீ ஜெட்டி தூண பாருங்க, சிப்பி ஒட்டுன உயரம் வரைக்கும் கருப்பா இருக்கும், அதுக்கு மேல வெளுத்திருக்கும். ஓதம் போட்ட கோடு அது, வத்தும்போது நல்லா தெரியும்.

பையன பொங்குமுகம்னே எழுதச் சொல்லிட்டேன். வாத்தியார் வெட்டுனா கழிமுகம்னு மாத்திக்கலாம்.